நாலு முழம் மரியாதை

செங்கல்வராயனுக்கு இரண்டு வாய் உண்டு என்று அவருடைய கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள் சொல்வார்கள். ஒன்று முகத்தில் இருப்பது. அதை அவர் அதிகம் திறப்பதில்லை. இன்னொன்று ஸ்டீயரிங்கின் நடுவில் இருப்பது; அதை மூடுவதே இல்லை. காலை ஆறே காலுக்கு மாமல்லபுரத்தில் வண்டியைக் கிளப்பினால், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு தாண்டி மறைமலைநகர் தொழிற்சாலை வாசல் வரைக்கும் அந்த இரண்டாவது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வரும். மாட்டுக்கு ஒரு மாதிரி, ஷேர் ஆட்டோவுக்கு ஒரு மாதிரி, குறுக்கே பாயும் பைக்குக்கு ஒரு மாதிரி. சைக்கிளுக்கு மட்டும் தனி உபசாரம். பக்கத்தில் வரும்வரை கம்மென்று இருந்துவிட்டு, காதோரத்தில் நீளமாக ஒன்று. அதைக் கேட்டுக் கூனல் நிமிர்ந்தவர்கள் அந்த ரோட்டில் பல பேர்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். ரோடு என்பது சக்கரம் பெரியவனுக்கு முதலில், சின்னவனுக்கு அப்புறம் என்று நம்பியவர். அவ்வளவுதான்.

லாரிக் காலத்தில் மாதத்துக்கு நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் வயசுக்கு வந்த சேதி நாக்பூரில், ஒரு டயர்க் கடை வாசலில், போனில்தான் அவருக்குக் கிடைத்தது. அந்த மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகுதான் லாரியை விட்டு இந்தக் கம்பெனி பஸ்ஸுக்கு வந்தார். அதே தொழிற்சாலையின் கேன்டீனில் அவர் மனைவி வேண்டாவுக்கும் வேலை கிடைத்தது. மூன்றாவதும் பெண்ணாகப் போயிற்றே என்று அவள் அப்பா வைத்த பெயர் அது. அந்த அப்பனுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பது செங்கல்வராயனின் அபிப்பிராயம். அதை அவளிடம் சொன்னதில்லை.

சாயங்காலம் அவள் வேறு பஸ்ஸில் வீடு திரும்பிவிடுவாள். இவர் இரண்டாம் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வருவதற்குள் தூங்கியும் போயிருப்பாள். ஆக, புருஷனும் பெண்டாட்டியும் கண் விழித்தபடி ஒன்றாக இருப்பது காலையில் இந்த ஒன்றரை மணி நேரம்தான். டிரைவருக்கு இடப்பக்கம், இன்ஜின் மூடியை ஒட்டிய ஒற்றை சீட் அவளுடையது. கூடவே நாற்பத்து நாலு பேர் இருப்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். அவள் மடியில் மல்லிகையைக் கொட்டிக் கட்டிக்கொண்டு வருவாள். பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டை, மகள் போனில் சொன்னது, நேற்றைய குழம்பில் கூடிப்போன புளி என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வருவாள். அவர் ‘ம்’ கொட்டுவார். ஐம்பத்திரண்டு வயசில் அவருக்குக் கிடைத்த குடும்ப வாழ்க்கை அந்த ‘ம்’தான். அதை யாராவது பிடுங்க வந்தால் கடித்துவிடுவார்.

பிடுங்க வந்தவர் சைக்கிளில் வந்தார்.

பெயர் ஹரிகிருஷ்ணன். கோயம்புத்தூர்க்காரர், கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி உத்தியோகம், நாற்பது வயசு. கிளிப்பச்சையில் உடம்போடு ஒட்டிய சட்டை, தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டின் உச்சியில் ஒரு குட்டிக் கேமரா. தினமும் விடிந்ததும் திருக்கழுக்குன்றம் வந்து செங்கல்பட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போய்விட்டு, ஆபீஸ் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். ஓரமாகப் போகமாட்டார். ஓரத்தில் ஜல்லியும் கண்ணாடிச் சில்லும் கிடக்கிறதாம், அதனால் ஒரு கை தள்ளித்தான் போவாராம். செங்கல்வராயன் ஹாரனை அழுத்துவார். சைக்கிள்காரர் ஒரு கையைப் பின்னால் நீட்டி ஏதோ அபிநயம் பிடிப்பார்; அது வசவு என்பது இவர் எண்ணம். பஸ் அவர் தோளை உரசுகிற மாதிரி போகும். எட்டு மாசம் இப்படியே ஓடியது.

ஒருநாள் திருக்கழுக்குன்றத்தில் ஆள் ஏற்ற பஸ் நின்றபோது, ஜன்னலருகே சைக்கிளை நிறுத்தி அவர் நேரிலேயே கேட்டுவிட்டார். “ஏனுங்ணா, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்குதுங்களா?” சண்டையிலும் ‘ங்க’ போடுகிற ஊர்க்காரர். இவ்வளவு மரியாதையாக யாரும் செங்கல்வராயனைத் திட்டியதில்லை. தன்னைத் திட்டியிருக்கிறார் என்பதே அவருக்குச் செங்கல்பட்டு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் திரும்பிப் போய் பதில் சொல்ல முடியாமல் போனது இன்றுவரை அவருக்கு ஒரு குறை.

அதோடு நின்றிருந்தால் தேவலை. ஹரிகிருஷ்ணன் கம்பெனிக்குப் புகார் அனுப்ப ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் மூன்று பக்கம், கூடவே வீடியோ. பஸ்ஸுக்கும் தன் முழங்கைக்கும் நடுவே இருந்தது நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று அளவு வேறு. இரண்டாவது புகார் வந்ததும் வாகனப் பிரிவு அதிகாரி பிரவின்குமார் செங்கல்வராயனைக் கூப்பிட்டார். இருபத்தொன்பது வயசுப் பிள்ளை. பெரியவரை நிற்கவைத்துப் பேசக் கூசியவர்தான், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். இன்னொரு புகார் வந்தாலோ, பஸ் எட்டு மணிக்கு மேல் வந்து ஆட்களுக்கு லேட் விழுந்தாலோ, இந்த ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும். செங்கல்வராயன் ஸ்ரீபெரும்புதூர் நைட் ஷிப்ட் வண்டிக்குப் போக வேண்டியதுதான். சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று அச்சடித்த காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பஸ்ஸில் காகிதத்தைப் படித்த வேண்டா வெகுநேரம் பூவைத் தொடவில்லை. அவர் கையெழுத்தை அவள் நம்பவில்லை. லாரிக் காலத்தில் எத்தனை செக்போஸ்ட்டில் எத்தனை காகிதத்தில் போட்ட கையெழுத்து அது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்குவதுதான் சரி என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, பஸ் கிளம்பும் முன், முன் சக்கரத்தின் அருகே வெற்றிலை வைத்து அதன் மேல் கற்பூரம் ஏற்றினாள். ஆனால் ஒன்றரை மீட்டர் என்று சொல்லி அவரைக் கற்பூரம் அணைக்கவைக்க முடியாது. மீட்டர் என்பது துணிக்கடைக்காரன் சமாசாரம். தெய்வத்துக்கு அது எங்கே புரியும். பஸ்ஸில் இருந்த சின்னையன் என்ற ஃபிட்டரிடம் டேப் வாங்கி, நீட்டிய அளவின் மேல் முழங்கையை வைத்து வைத்து அளந்தாள்.

“மூணு மொழத்துக்கு மேல சொச்சம் வருது. பூவுக்கே கொசுறு வுடறோம், உசுருக்கு வுட மாட்டமா? நாலு மொழம்னு சொல்லுய்யா.”

சைக்கிளை முந்தினால் நாலு முழம் விட்டுத்தான் முந்துவேன், சைக்கிளைக் கண்டால் ஹாரனைத் தொடமாட்டேன் என்று செங்கல்வராயன் சொல்லிச் சொல்லிக் கையால் கற்பூரத்தை அணைத்தார். கையெழுத்தை மீறுவது வேறு. அதற்கு மெமோ வரும். கற்பூரத்தை மீறினால் கண் போகும். டிரைவருக்குக் கண் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

இத்தனை யோசித்தவர்கள் ரோட்டை யோசிக்கவில்லை. திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒரு பாதியை இடுப்பளவு தோண்டிப் போட்டு, சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். எதிரில் வருகிற வண்டிகளுக்கு வயல் பக்கமாக ஒரு மண் பாதை. இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு மிஞ்சிய தாரில் ஒரு பஸ்ஸையும் ஒரு சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒரு ஆடு புகலாம். நாலு முழத்துக்கு வழியே இல்லை. இப்படி ஒன்பது கிலோமீட்டர்.

அந்த ஒன்பது கிலோமீட்டரின் தொடக்கத்தில், அன்றைக்கே, சரியாக ஏழு மணிக்கு, கிளிப்பச்சைச் சட்டை முன்னால் போய்க்கொண்டிருந்தது.

செங்கல்வராயன் பிரேக்கில் காலை வைத்தார். கட்டைவிரல் தானாக ஹாரனுக்குப் போனது. பக்கத்தில் வேண்டா ஒரு கனைப்புக் கனைத்தாள். விரல் திரும்பி வந்தது. பஸ் சைக்கிளுக்குப் பின்னால், பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக ஊர்ந்தது.

ஹரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸை அடையாளம் தெரிந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டு ஹாரனுக்குக் காத்திருந்தார். வரவில்லை. மறுபடி திரும்பிப் பார்த்தார். பஸ் இருக்கிறது, சத்தம் இல்லை. எட்டு மாசம் கத்திய பேய் திடீரென்று வாயை மூடிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வந்தால் யார்தான் நிதானமாக மிதிப்பார்கள்? மனுஷர் சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதிக்க ஆரம்பித்தார்.

முதல் இரண்டு கிலோமீட்டர் பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு. மூன்றாவதில் சத்தம். ஆளாளுக்கு அண்ணாத்த அண்ணாத்த என்று கெஞ்சினார்கள். எட்டுக்குள் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைக்காவிட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும், ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு உரசிப் போய்விடலாம் என்றார்கள். கண்ணைப் பற்றித்தான் தனக்கும் கவலை என்று செங்கல்வராயன் பதில் சொன்னார். வேண்டா எழுந்து நின்று கற்பூர விஷயத்தை முழு பஸ்ஸுக்கும் விளக்கினாள். அதற்குப் பிறகு யாரும் முந்தச் சொல்லவில்லை. மெமோவாக இருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். கற்பூரத்தோடு யார் சண்டை போடுவது?

பஸ்ஸை முந்த வைக்க முடியாது என்றால் சைக்கிளை ஓட வைப்பது ஒன்றுதான் வழி என்று கண்டுபிடித்தவள் ரெபேக்காள். லேத் மெஷினில் வேலை செய்கிறவள். அந்த இரைச்சலை மீறிப் பேசிப் பேசிக் குரல் வளர்ந்தவள். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, “சார், மிதி சார், வுட்டுடாத, முப்பது போற சார்” என்றாள். மற்ற ஜன்னல்களும் திறந்தன. சின்னையன் ஸ்பீடோமீட்டரை எட்டிப் பார்த்து முப்பத்தொன்று, முப்பத்துமூன்று என்று ஏலம் போடுகிற மாதிரி கூவினான். முப்பத்தாறைத் தொட்டபோது பஸ்ஸே விசில் அடித்தது. பின்னால் சேர்ந்துபோன பைக், டாடா ஏஸ், இரண்டு ஸ்கூல் வேன் எல்லாம் என்ன திருவிழா என்று தெரியாமலே ஹாரன் அடித்துக்கொண்டு கூட வந்தன. முன்னால் ஒற்றைப் பச்சைச் சட்டை, பின்னால் தேர் மாதிரி பஸ், அதன் பின்னால் ஊர். மண் பாதையில் எதிரே வந்த ஒரு பெரியவர் டி.வி.எஸ்ஸை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாத சிரிப்பு. ரூட் போகப் போகிறது, பெண்டாட்டி பக்கத்தில் வேர்த்து வடிகிறாள். ஆனால் இருபத்துநாலு வருஷம் ரோட்டில் கிடந்தவருக்கு ஒரு சைக்கிளை ஆறு கிலோமீட்டர் முழுசாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. எப்போதும் அது கண்ணில் பட்டு ஒரு நிமிஷத்தில் கண்ணாடிக்குப் போய்விடும். இன்றைக்கு அந்த முதுகு ஏறி இறங்குவதையும், பள்ளம் வரும்போது ஒரு கை பின்னால் வந்து தரையைச் சுட்டிக்காட்டுவதையும், ஓரத்து ஜல்லியில் சக்கரம் ஏறினால் உடம்பே ஒரு ஆட்டம் ஆடுவதையும் பார்த்தார். அந்தக் கை காட்டுவது வசவு இல்லை, பள்ளம் என்று இத்தனை மாசம் கழித்துப் புரிந்தது. அவர் காட்டிய பள்ளங்களில் பஸ்ஸும் விழாமல் வந்தது.

ஆறரை கிலோமீட்டரில் ஹரிகிருஷ்ணனுக்கு மூச்சு முடிந்தது. காலை ஊன்றி, ரோட்டின் குறுக்கே சைக்கிளைத் திருப்பி நின்றுவிட்டார். பஸ்ஸும் நின்றது. பின்னால் ஊரும் நின்றது. மணி ஏழு இருபது.

“முன்னாடி போங்ணா,” என்றார், இரண்டு கையாலும் கும்பிட்டு. “உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நீங்க போங்க சார்,” என்றார் செங்கல்வராயன், ஸ்டீயரிங்கின் மேல் கும்பிட்டு.

இல்லை நீங்க போங்ணா, அட நீங்க போங்க சார் என்று அந்த மரியாதை இரண்டு நிமிஷம் நடந்தது. இதற்கு அடிதடியே மேல் என்று டாடா ஏஸ்காரன் இறங்கி வந்து சத்தம் போட்டான். கற்பூரம் என்றதும் போய் உட்கார்ந்துகொண்டான்.

வேண்டா கட்டிய பூச்சரத்தோடு கீழே இறங்கினாள். ஹரிகிருஷ்ணனை ரோட்டு விளிம்புக்கு நிற்கச் சொல்லி, சைக்கிள் கைப்பிடியிலிருந்து பஸ் போக வேண்டிய இடம் வரைக்கும் சரத்தைப் பிடித்து முழங்கையால் அளந்தாள். இரண்டே முக்கால். இன்னும் தள்ளி நிற்கச் சொன்னாள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஜல்லிக் குவியல் மேல் ஏறி நின்றார், மூன்றே கால். அதற்கு மேல் போனால் வாய்க்கால். பஸ்ஸுக்குப் பின்னால் போய்விடலாம் என்றால் அங்கே வேனும் பைக்கும் இடுக்கில்லாமல் அடைத்து நின்றன. நடந்ததை எல்லாம் கேட்டுப் புரிந்துகொண்ட ஹரிகிருஷ்ணன், விஞ்ஞானி ஆயிற்றே, ஒன்றரை மீட்டர் என்றால் மூன்றே கால் முழம்தான், கணக்குச் சரியாகிவிட்டது, போகலாம் என்று அவளிடம் வாதாடினார்.

“கணக்கு உனுக்கு சரி சார். கல்பூரத்தாண்ட நாலுன்னு சொல்லிக்கீதே,” என்றாள் வேண்டா.

ஹரிகிருஷ்ணன் ஜல்லி மேல் நின்றபடியே தலையில் கை வைத்துக்கொண்டார். அணுவைப் பிளக்கிற இடத்தில் வேலை. முக்கால் முழத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மணி ஏழு இருபத்தெட்டு. செங்கல்வராயன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். மூச்சு முடிந்தவர் பின்னால் இனி நடை வேகத்தில் ஊர்ந்தால் எட்டேகாலுக்குத்தான் வாசல். லேட் விழும், ரூட் போகும். சைக்கிள் ரோட்டில் இருக்கிற வரைக்கும் முந்த முடியாது. ரோட்டில் இல்லை என்றால்? முந்துவது என்ற பேச்சே இல்லை, கற்பூரத்துக்கும் பங்கம் இல்லை. ஆனால் கம்பெனி பஸ்ஸில் வெளியாள் ஒருவரை ஏற்றினால் அது லேட்டை விடப் பெரிய குற்றம். அதற்கும் ரூட் போகும். லேட்டானால் நிச்சயம் போகும். ஏற்றினால், யாரும் பார்க்காவிட்டால், ஒருவேளை போகாது. நிச்சயத்தை விட ஒருவேளை தேவலை என்று பட்டது. கதவைத் திறந்தார்.

“ஏறு சார்.”

சின்னையன் சைக்கிளை ஒரே கையால் தூக்கினான். பாலிதீன் பை கனம்கூட இல்லையே என்று வியந்து பஸ் முழுக்கக் கை மாற்றினார்கள். ஆளாளுக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தபிறகுதான் அது கடைசி சீட்டில் போய்ப் படுத்தது. ஹரிகிருஷ்ணனை இன்ஜின் மூடி மேல் உட்கார வைத்தார்கள். ரெபேக்காள் தண்ணீர் கொடுத்தாள். யாரோ இட்லி கொடுத்தார்கள். வேண்டா, என்ன இருந்தாலும் வண்டிக்கு வந்த விருந்தாளி என்று, ஒரு முழம் பூவை நறுக்கி வீட்டம்மாவுக்கு என்று அவர் கையில் வைத்தாள்.

பஸ் பறந்தது. நடுவில் நிறுத்தி அவரை இறக்கிவிடக்கூட நேரமில்லை. செங்கல்பட்டு ஊருக்குள் நுழைந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியபோது மணி ஏழு நாற்பத்து மூன்று. இன்ஜின் மூடி மேலிருந்து ஹரிகிருஷ்ணன் ரோட்டைப் பார்த்தார்; வாயில் இட்லி அப்படியே நின்றது. கீழே இடது மூலையில் ஒரு பைக் இருந்தது, அடுத்த நொடி இல்லை. அப்புறம் கண்ணாடியில் முளைத்தது. அந்த இடத்தில்தானே தான் தினமும் போகிறேன், அங்கே இருந்தால் தெரியவே மாட்டேனா என்று கேட்டார்.

“தெரியாது சார். அதான ஆரன். நான் வந்துகினு கீறேன், ஆடாத போன்னு சொல்றது. நீ அத வசவுன்னு நெனச்சிகினே.”

அவ்வளவு நீளமாகவா சொல்வது என்று ஹரிகிருஷ்ணன் கேட்டார். அது கொஞ்சம் அதிகம்தான் என்று செங்கல்வராயன் ஒத்துக்கொண்டார். ஹாரன் தப்பு என்று அவர் வாழ்நாளில் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான். பக்கத்தில் வேண்டா அதைக் கேட்டுப் பூ நாரைத் தவறவிட்டாள்.

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் ஒரு சைக்கிள் நேர் எதிரே, தப்பான திசையில், இரண்டு பக்கமும் கீரைக் கட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. வந்தவர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஓரமும் போகவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“ஹாரன் அடிங்ணா,” என்று கத்தியவர் வேறு யாருமில்லை, ஹரிகிருஷ்ணன்தான்.

கற்பூரம் என்றார் செங்கல்வராயன், பிரேக்கை மிதித்தபடி. ஒரு நொடி யோசித்த ஹரிகிருஷ்ணன் படிக்கட்டுக்குத் தாவி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டி, தொண்டை கிழிய “பாஆம்” என்றார். ரெபேக்காள் சேர்ந்துகொண்டாள். சின்னையன் சேர்ந்தான். அப்புறம் நாற்பத்து நாலு பேரும் ஜன்னல்களில் முகத்தை வைத்து பாம் பாம் என்று ஊதினார்கள். வேண்டா இரண்டு கையையும் குவித்து ஊதினாள். கீரைக்காரர் போனைப் போட்டுவிட்டு ஓரத்துக்குப் பாய்ந்தார். நாலு முழத்துக்குத் தாராளமாக இடம் விட்டு பஸ் தாண்டியது. யாரும் ஹாரனைத் தொடவில்லை. செங்கல்வராயன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மறைமலைநகர் வளைவு வரைக்கும் பஸ்ஸில் ஒருவராலும் நேராக உட்கார முடியவில்லை.

ஏழு ஐம்பத்தாறுக்கு பஸ் வாசலுக்குள் நுழைந்தது. சிரிப்பு அங்கேயே நின்றது. பிரவின்குமார் நேரம் குறிக்கும் அட்டையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவர் படி ஏறி வந்தார். நேரத்தைக் குறித்தார். இன்ஜின் மூடி மேல் கிளிப்பச்சைச் சட்டையும் ஹெல்மெட்டுமாக, கையில் மல்லிகையோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார். கடைசி சீட்டில் படுத்திருந்த சைக்கிளைப் பார்த்தார். வெளியாளை ஏற்றினால் என்ன ஆகும் என்று செங்கல்வராயனுக்குத் தெரியும்தானே என்று தாழ்ந்த குரலில் கேட்டார். செங்கல்வராயன் தெரியும் என்றார். அப்படியென்றால் நாளையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வண்டி, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் பிரவின்குமார். அதைச் சொல்லும்போது அவர் அட்டையைத்தான் பார்த்தார்.

பஸ்ஸில் ஒருவரும் இறங்கவில்லை. வேண்டா மடியில் இருந்த பூவை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் செங்கல்வராயன் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழாய்ச் சண்டையும் புளி கூடிப்போன குழம்பும் இனி அவள் சொல்ல, வேறு யாரோ கேட்கிற கதையாகிவிடும்.

ஹரிகிருஷ்ணன் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“தம்பி, அந்தப் புகாரெல்லாம் எழுதுனது நான்தானுங்க. மூணாவது ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. இவர மாத்துனீங்கன்னா இன்னைக்கே அனுப்பிருவேன்.”

பிரவின்குமாருக்குப் புரியவில்லை. மாற்றச் சொல்லித்தானே புகார் என்றார்.

“இவர மாத்துனா நாளைக்குப் புது ஆளு வருவாருங்க. அவருக்கு நான் ரோட்டுல ஒரு பச்சைப் புள்ளி. இவருக்கு அப்படி இல்லீங்க. எட்டு மாசமா என்னைத் திட்டியிருக்காரு. இன்னைக்கு ஆறரை கிலோமீட்டரு என் முதுகப் பார்த்துட்டே வந்திருக்காரு. இத்தனை ஆயிரம் வண்டி போற ரோட்டுல என்னைத் தெரிஞ்ச டிரைவர் இவரு ஒருத்தருதானுங்க. எனக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்க. இவரு வேணுமுங்க.”

செங்கல்வராயன் சாவியை விட்டுவிட்டார்.

பிரவின்குமார் அட்டையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். மூன்று பக்கப் புகாரைப் படித்துப் பதில் எழுதுகிற வேதனையை இரண்டு தடவை அனுபவித்தவர். கடைசியில் பேனாவை எடுத்து, புகார் கொடுத்தவர் புகார் விஷயமாக நேரில் வந்தார், அழைத்துவந்தது வண்டி எண் இன்னது, பேசித் தீர்ந்தது என்று எழுதி, ஹரிகிருஷ்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாருக்கு ஒரு காபி கொடுங்கள் என்று செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அப்புறம் ஒரே ஓட்டம். சைக்கிள் ஜன்னல் வழியாக இறங்கியது. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் மிதித்துக் கல்பாக்கம் போக வேண்டிய மனுஷரின் முதுகில் ஆளாளுக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எல்லோரும் விரல் வைக்கும் மெஷினைப் பார்த்துப் பறந்தார்கள். ரெபேக்காள் போகிற போக்கில் இன்னொரு பாம் ஊதினாள். ஒரு நிமிஷத்தில் பஸ் காலியாகிவிட்டது.

வேண்டா மட்டும் இறங்கவில்லை. பைக்குள் போட்ட பூவை மறுபடி மடியில் கொட்டிக்கொண்டிருந்தாள். மணி எட்டடிக்க ஒரு நிமிஷம் இருக்கிறது, போ என்றார் செங்கல்வராயன். அவள் அசையவில்லை. சங்கு ஊதியது.

“இன்னாமே, லேட்டு வுழுந்துடும்.”

“வுழட்டும்,” என்றாள் வேண்டா. “நேத்து உம் பொண்ணு போன்ல இன்னா சொன்னா தெரியுமா?”

அவர் இன்ஜினை நிறுத்தினார். “ம்,” என்றார்.

அந்த பஸ்ஸில் வந்தவர்களில் அன்றைக்கு லேட் விழுந்தது அவள் ஒருத்திக்குத்தான்.